எழுப்புதலுக்காக ஜெபிக்கும் வெள்ளிக்கிழமைகள்

"தமிழ்நாட்டில் எழுப்புதல் உண்டாக ஜெபிப்போம்" என்ற வரி எங்கள் ஜெபக் குறிப்புத் தாளில் எப்போதும் முதலில் இருக்கும். தளர்ந்துபோன விசுவாசம் மறுபடியும் உயிர்பெற்று, ஜனங்கள் பாவத்தை விட்டு மனந்திரும்புவதைத்தான் எழுப்புதல் என்கிறோம். அதற்குக் கீழே நோயாளிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், வேலை தேடுகிறவர்கள், குழந்தைப் பாக்கியத்துக்காகக் காத்திருக்கும் தம்பதிகள். நோயாளிக்காக ஜெபிக்கும்போது பெயரைச் சொல்கிறோம், எந்த ஆஸ்பத்திரி, என்ன அறுவை சிகிச்சை, எத்தனை மணிக்கு என்று சொல்கிறோம். தமிழ்நாட்டுக்காக ஜெபிக்கும்போது மட்டும் "தேசத்தைச் சந்தியும் ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்கு நகர்ந்துவிடுகிறோம். நெடுநாளாக இது என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

ஏனென்றால், இந்த மண்ணுக்கு எழுப்புதல் புதிதல்ல. இங்கே வந்திருக்கிறது. ஊர் பெயரும் வருஷமும் சொல்லக்கூடிய விதத்தில் வந்திருக்கிறது. எங்கே வந்தது, யாரிடம் முதலில் வந்தது, வந்தபோது என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால், நாம் என்ன கேட்கிறோம் என்பதாவது நமக்கு விளங்கும். "வருஷங்களின் நடுவிலே உம்முடைய கிரியையை உயிர்ப்பியும்" என்று ஆபகூக் வேண்டிக்கொண்டபோது, கர்த்தர் முன்பு செய்ததைக் கேள்விப்பட்டுத்தான் அப்படி வேண்டிக்கொண்டார். கேள்விப்படாமல் எப்படிக் கேட்பது?

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். என் அப்பா சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். செம்மணலில் சைக்கிளை மிதிக்க முடியாது என்பதால் பாதி வழி தள்ளிக்கொண்டே போய் ஜெபக்கூட்டம் நடத்திவிட்டு வருவார். அந்த வீட்டில் வளர்ந்ததால் ஜெபம் எனக்கு ஒரு பழக்கமாகவே வந்தது. வரலாறு பள்ளிக்கூடத்தில் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி மதியம் வரை நடக்கும். ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடத்தும் அறைதான் இடம். சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை மாட்டியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கடையில் விற்கும் படம்தான். 38 மாவட்டங்களும் வெவ்வேறு நிறத்தில் இருக்கின்றன. வடக்கே திருவள்ளூரில் தொடங்கித் தெற்கு நோக்கி, வாரம் ஒரு மாவட்டம். அந்த மாவட்டத்தில் திருச்சபை எப்படித் தொடங்கியது, யார் பாடுபட்டார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று முதலில் கொஞ்ச நேரம் நான் சொல்வேன். பிறகு முழங்காலில் நிற்போம். "டீச்சர், பாடம் நடத்தினால் ஜெப நேரம் குறைந்துபோகாதா?" என்று ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, தொடக்கத்தில் தயங்கினார்கள். குறையவில்லை. கதையைக் கேட்ட பிறகு ஒவ்வொருவருக்கும் ஜெபிக்க ஏதாவது ஒன்று குறிப்பாகக் கிடைத்துவிடுகிறது.

மயிலாடுதுறை மாவட்டத்தின் முறை வந்த வாரம், அன்று டேனிஷ்காரர்களின் கையில் இருந்த தரங்கம்பாடியைப் பற்றிச் சொன்னேன். 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கியதும், அச்சகம் வைத்ததும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் அழுத்திச் சொன்னது வேறு இரண்டு. 1707இல் அங்கே முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற தமிழர்கள், டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அடுத்த ஆண்டில் சீகன்பால்கைச் சிறையில் தள்ளியவர், அங்கிருந்த கோட்டையில் அதிகாரம் செலுத்திய டேனிஷ் தளபதி, கிறிஸ்தவர்தான். நான்கு மாதங்கள் உள்ளே வைத்திருந்தார். 36 வயதில் சீகன்பால்கு அந்த மண்ணிலேயே அடக்கமானார்.

அன்று ஜெபத்தை ஆரம்பித்தவர், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு எங்கள் கூட்டத்துக்கு ஓடி வருகிற ஒரு தங்கச்சி. வழக்கமாக அவள் வாய் திறக்கமாட்டாள். அன்று எழுந்து, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேருக்காகவும் மன்றாடினாள். முதல் சபையே தன்னைப் போன்றவர்களால்தான் தொடங்கியது என்று கேட்டவளுக்கு வாய் திறக்கத் தைரியம் வந்ததில் வியப்பில்லை. தமிழ்நாடு என்று சொல்லும்போது தலைமைச் செயலகத்தையும் தலைவர்களையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அவள் ஜெபம் வேறொரு தமிழ்நாட்டைக் காட்டியது.

தஞ்சாவூர் வாரம் கடினமாக இருந்தது. சுவார்ட்ஸ் ஐயர் ஜெர்மானிய மிஷனெரி; 1750இல் தமிழ் மண்ணுக்கு வந்து 1798இல் தஞ்சாவூரில் இறந்தவர். சரபோஜி மன்னர் அவரைத் தகப்பனைப் போல மதித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் ஐயருக்குப் பக்கத்தில் மன்னர் நிற்கும் பளிங்குச் சிற்பம் இன்றைக்கும் சிவகங்கைப் பூங்காவின் அருகிலுள்ள ஆலயத்தில் இருக்கிறது. இந்துவான ஓர் அரசர் ஒரு பாதிரியாரின் கல்லறைக்காகக் கண்ணீர் விட்டார் என்பது எங்கள் பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தஞ்சாவூரின் கதை அதோடு நிற்கவில்லை.

1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். நற்கருணை மேசைக்குத் தனித்தனியாக வருவதும், ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவதும் இனி கூடாது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை வாசித்தபோது பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். ஏசுவை விட முடியாது என்று இரண்டு மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், சாதியை விட முடியாது என்று எழுந்து போனார்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அந்த விவாதத்தில் சாதி வழக்கங்களின் பக்கத்தில்தான் நின்றார். அவர் கீர்த்தனைகளைப் பாடும்போது இன்றைக்கும் என் கண்கள் நிறைகின்றன. அவரை நான் நேசிக்கிறேன். நேசிப்பதாலேயே இதை மறைக்காமல் சொன்னேன்.

தஞ்சாவூர் தூரத்தில் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று வடக்கன்குளத்தையும் சேர்த்துச் சொன்னேன். நம் மாவட்டத்து ஊர். அங்கே கத்தோலிக்கத் தேவாலயத்தையே இரண்டு சாதியாருக்கு இரண்டு மண்டபங்களாக 19ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். பீடத்துக்கு முன்னால் பூசை காண்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்காதபடி நடுவில் தடுப்பு. 1910இல் கௌசானல் சுவாமி என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இடித்தவரே குற்றவாளி போல நிற்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு அறையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாவ அறிக்கை நேரத்தில் வழக்கமாக எல்லாரும் தலையைக் குனிந்து அச்சிட்ட வார்த்தைகளைச் சேர்ந்து வாசிப்போம். வாசித்து முடித்த பிறகும் ஓர் அக்கா எழுந்து நின்றுகொண்டே இருந்தார். வயதில் மூத்தவர், சபையில் மதிப்புள்ள குடும்பம். கீழத்தெருவிலிருந்து வருகிற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அழைத்தார். "உன் வீட்டுக்கு ஜெபக்கூட்டத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன் அம்மா. உபவாசம் என்றும், சர்க்கரை நோய் என்றும், இப்போதுதான் குடித்தேன் என்றும் சொல்லி உன் வீட்டில் ஒருநாளும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அது உபவாசம் இல்லை" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கீழத்தெருப் பெண் உடனே எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் பிரிந்து கிடந்த கோரையை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, "எனக்குத் தெரியும் அக்கா" என்றாள். "ஒவ்வொரு தடவையும் டம்ளரைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோய் வைக்கும்போது எங்கள் மாமியார் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆண்டவருக்காகத்தான் மறுபடியும் மறுபடியும் கூட்டத்துக்கு வீட்டைத் திறந்துவிட்டேன்" என்றாள். அறையில் ஒருவரும் அசையவில்லை. ஐயரம்மா பாட்டு ஒன்றைத் தொடங்கப் போனார்கள்; பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அது நல்லதாயிற்று. பாட்டு வந்திருந்தால் அந்த நிமிடம் மூடிப்போயிருக்கும். அதன்பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தோம். நிலத்தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட ஓர்ப்படிகள், சம்பந்தம் பேசும்போது முதலில் சாதியை விசாரித்தவர்கள், சபைத் தேர்தலில் எதிரணிக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாதவர்கள். தமிழ்நாட்டுக்காக ஜெபிக்க வந்தவர்கள் அன்று தஞ்சாவூரைத் தாண்டி எங்கள் தெருக்களுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

அடுத்த வாரம் அந்தக் கீழத்தெரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். சுக்குக் காப்பி தந்தாள். அந்த அக்கா வாங்கிக் குடித்தார். இதெல்லாம் அரசியல், உபவாச ஜெபத்தில் இதற்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டுச் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்களுக்காகவும் ஜெபிக்கிறோம். அவர்களில் ஒருவர் என் நெருங்கிய தோழி.

விருதுநகர் மாவட்டத்துக்கு நான் ஆவலோடு காத்திருந்தேன். தமிழ்நாட்டு எழுப்புதல் என்றால் என் மனதில் முதலில் வருவது அந்த மாவட்டம்தான். இப்போது பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர் வாங்கியிருக்கிற சிவகாசியில் ராக்லண்ட் என்கிற மிஷனெரியின் கல்லறை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் படித்துப் பெயர் வாங்கியவர். வட திருநெல்வேலியின் கரிசல் கிராமங்களில் கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் பிரசங்கித்துத் திரிந்தார். நோயாளி உடம்பு. அவர் காலத்தில் அங்கே பெரிய விளைச்சல் எதுவும் கிடைத்துவிடவில்லை. 1858இல் சிவகாசியிலேயே இறந்துபோனார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1860 மார்ச் மாதம், அதே பகுதியில் எழுப்புதல் வெடித்தது. அதன் நடுவில் நின்றவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்கிற தமிழர். 1810இல் பிறந்தவர், ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் படித்தவர். ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்கிற ஆங்கிலேய ஊழியரோடு சேர்ந்து உழைத்தவர். அந்த ஊழியர் மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஆண்டவரை நம்பி, விவசாயம் செய்து பிழைத்துக்கொண்டு ஊழியம் செய்வேன் என்பது அவர் தீர்மானம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். அங்கிருந்துதான் அது கிளம்பியது.

அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் எழுப்புதல் நடக்கிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. இங்கேயும் அப்படி நடக்க வேண்டும் என்று தன் ஜனங்களோடு ஜெபித்தார். வந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டு தங்கள் பாவங்களை எல்லார் முன்னாலும் அறிக்கையிட்டார்கள். ஆண்களும் பெண்களும் சிறுபிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சிலர் தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அறியாத பாஷையில் பேசினார்கள். பெந்தெகொஸ்தே என்ற பெயரில் எந்தச் சபையும் உலகத்தில் தோன்றாத காலம் அது. பிறகு அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. சம்பளமோ பணப்பையோ இல்லாமல் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். இவர்களால் இது முடியும் என்று நாங்கள் எண்ணவில்லையே என்று வெளிநாட்டு மிஷனெரிகளே வியந்து எழுதினார்கள். 1867இல் அருளப்பன் இறந்தார். அடுத்த பதிற்றாண்டில் அந்த அனல் திருவிதாங்கூர் வரைக்கும் எட்டியது.

இதைச் சொல்லி முடித்தபோது ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அவ்வளவு பெரிய எழுப்புதல் வந்த ஊரின் பெயரை நான் இன்றைக்குத்தான் கேட்கிறேன் ஆன்ட்டி. ஏன்?" நல்ல கேள்வி. மிஷனெரி சங்கங்களின் வரலாற்றை அந்தச் சங்கங்கள் எழுதிவைத்தன. எந்தச் சங்கத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவரைப் பற்றி எழுதிவைக்க ஆள் குறைவாகத்தான் இருந்தது. வேல்ஸ் நாட்டில் நடந்த வெல்ஷ் எழுப்புதலைப் பற்றி எங்கள் மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அதன் நடுவில் நின்ற இவான் ராபர்ட்ஸின் பெயர் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அருளப்பனின் பெயர் தெரியாது. இது எனக்கு வேதனை.

பாளையங்கோட்டையின் முறை இன்னும் வரவில்லை. ஆனாலும் எங்கள் ஊரின் கதை பேச்சில் அடிக்கடி தலை காட்டிவிடும், தடுக்க முடியாது. கிளாரிந்தா அம்மாளை விட்டுவிட்டு இந்த ஊரில் ஜெபத்தைப் பற்றிப் பேச முடியுமா? பிராமண விதவை. 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர். தன் செலவில் ஓர் ஆலயம் கட்டினார். 1785இல் அது பிரதிஷ்டையானது. ஜனங்கள் அதைப் பாப்பாத்தி கோயில் என்றே அழைத்தார்கள். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் வெறும் 40 பேர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். இன்றைக்குத் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நாம் பார்க்கிற அத்தனை பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆலயங்களுக்கும் முன்னால், ஒரு விதவையைச் சுற்றி அந்த 40 பேர் இருந்தார்கள். அதன்பிறகு தாவீது சுந்தரானந்தம் என்ற ஊழியர் வந்தார். விசுவாசிகளைத் துன்புறுத்தி விரட்டியபோது அவர்களுக்குப் புகலிடமாக 1799இல் முதலூர் உண்டானது. அதற்கு அடுத்த நூறு ஆண்டுகளைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

1903ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா என்ற ஊழியர், அதற்கு முந்தின ஆண்டு யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். முதல் பணித்தளம் நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல். தெலுங்கு பேசும் ஜனங்கள். கொடுக்கிற சபையாகத் திருநெல்வேலி மாறியது. அதன்பிறகு 1905இல் டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி அம்மையார் எடுத்து வளர்த்த பிள்ளைகள் நடுவில், ஆராதனை நேரத்திலேயே அழுகையும் அறிக்கையும் மூண்டது. அதே காலத்தில் வேல்ஸிலும் வடகிழக்கு இந்தியாவின் காசி (Khasi) மலைகளிலும் மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்திலும் இதேதான் நடந்துகொண்டிருந்தது. டோனாவூரில் கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுக்கும் வேலை 1901இலேயே தொடங்கியிருந்தது. எழுப்புதல் அந்த வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் பாட்டுப்பாட உட்கார வைக்கவில்லை. குழந்தைகளைக் குளிப்பாட்டும் கைகளுக்கு இன்னும் பலம் கொடுத்தது. இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியம்.

என் அம்மா பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி தனியாக, அடுப்பங்கரை மூலையில் இருந்த பால்பவுடர் டின்னில். உபதேசியார் வீட்டில் அரிசி தாராளமாக இருந்ததில்லை. கடைசி வாரத்தில் பானை கவிழ்ந்து கிடக்கும்போதும் டின்னில் கை வைக்கமாட்டார்கள். மாதக் கடைசி ஞாயிறு அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும், விற்ற காசு மிஷனெரிப் பணிக்குப் போகும். எந்த மிஷனெரி, எந்த மாநிலம் என்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. பிடியை எடுக்கும்போது உதடு மட்டும் அசையும். குஜராத்தின் டாங் மலைகளிலும் வட இந்தியாவில் மால்தோ பழங்குடி மக்கள் நடுவிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போய் ஊழியம் செய்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம், என் கண்ணுக்கு முன்னால் அந்த டின் வந்து நிற்கிறது.

இப்போது நடக்கிற சில ஜெபங்களைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். வேதத்தில் இஸ்ரவேலர் சுற்றி வந்து எரிகோவின் மதில் இடிந்ததைப் போல, எரிகோ ஜெபம் என்று ஊரைச் சுற்றி வருகிறார்கள். கோயில்களையும் தர்காக்களையும் வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, இவை இடிய வேண்டிய கோட்டைகள் என்று ஜெபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வரைபடத்தை எங்களுக்கும் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்க மறுத்துவிட்டேன். எங்கள் அறைக்கு எதிர்வீட்டு ஆச்சி, நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு ஆண்டு தவறாமல் போகிறவர்கள். என் கணவர் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் வீட்டையும் நம்பிக்கையையும் எதிரியின் கோட்டை என்று குறித்துவிட்டு ஆண்டவரிடம் எந்த முகத்தோடு போவேன்? தமிழ்நாட்டைச் "சுதந்தரிப்போம்" என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். இந்த மாநிலம், இஸ்ரவேலர் பிடித்த தேசத்தைப் போலப் பிடிக்கப்பட வேண்டிய கானான் இல்லை. நம் தாய்நாடு. 1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் இடிந்தது பக்கத்து ஊர்க் கோயில் இல்லை. விசுவாசிகள் என்று பெயர் தாங்கியிருந்தவர்களின் கல்நெஞ்சம். தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் வடக்கன்குளத்திலும் ஊழியத்துக்குக் குறுக்கே நின்றவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். வரலாற்றைப் படித்த பிறகு சிவப்பு மையை எங்கே வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் எங்கள் குறிப்புத் தாள் இப்போது மாறியிருக்கிறது. முதல் வரி அதேதான். அதற்குக் கீழே, சாதிக்கு ஒன்றாக ஊருக்கு இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகளைக் குறிப்பாகச் சொல்லி ஜெபிக்கிறோம். ஊரின் பெயரை அறைக்குள் சொல்கிறோம், வெளியே சொல்வதில்லை. சபைச் சொத்து வழக்குகளுக்காகவும், தேர்தல் நேரத்தில் பிரிந்துபோன குடும்பங்களுக்காகவும் ஜெபிக்கிறோம். டாஸ்மாக் கடையிலிருந்து வீடு திரும்பாத கணவன்மாருக்காக, அவர்கள் பெயர் சொல்லி. மலக்குழிக்குள் இன்னும் மனிதரை இறக்குகிற ஊர்களுக்காக. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிற பிள்ளைகளுக்காக. இப்படிப் பெயர் சொல்லி ஜெபித்த பிறகு, வாரத்தின் மற்ற நாட்களில் சும்மா இருக்க முடிவதில்லை. டாஸ்மாக்குக்காக ஜெபித்தவர்களில் இருவர், மது அடிமைகளின் மனைவிமாருக்காகப் புதன்கிழமை மாலையில் ஒரு சந்திப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதற்குக் கிறிஸ்தவர் அல்லாத பெண்களும் வருகிறார்கள். வருகிறவர்களை ஞானஸ்நானத்துக்குத் தயார்படுத்தும் வகுப்பாக அதை மாற்றிவிடக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

பெரிய எழுப்புதல் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். வரவில்லை. ராக்லண்ட் கூடாரத்துக்குள் இருமிக்கொண்டு கிடந்த ஆண்டுகளைப் போன்ற ஆண்டுகள் இவை என்று நினைத்துக்கொள்கிறேன். வருகிற நாளை நான் பார்ப்பேனா என்பது தெரியாது. கேட்பதை நிறுத்தப் போவதில்லை. என் முழங்கால் இப்போது தரையில் நிற்க விடுவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை இராமநாதபுரம் மாவட்டம். 1693இல் அருளானந்தர் என்ற கத்தோலிக்கக் குரு வெட்டுண்ட ஓரியூர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதையை நான் சொல்லப் போவதில்லை. எங்களோடு இதுவரை ஜெபித்திராத ஒரு கத்தோலிக்கச் சகோதரி, சிறு வயதிலிருந்து ஓரியூர்த் திருவிழாவுக்கு நடந்தே போய்வந்தவர், வந்து சொல்லச் சம்மதித்திருக்கிறார். அவர் ஜெபமாலையும் கொண்டுவரலாமா என்று கேட்டார். கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஐயரம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.